கடனை எழுதிவிடு மகளே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். காலையில் உங்கள் நாளிதழைக் கைப்பேசியில் படித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். எங்கள் குடும்பம் இந்த மண்ணில் நான்காம் தலைமுறை, பாட்டன் பூட்டன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள், மனைவி திருச்சிப் பக்கம் என்பதால் வீட்டில் முழுக்கத் தமிழ்தான். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த மண்டபத்தில் நடந்த ஒரு பேச்சுதான் என்னை எழுத வைத்தது.

போன மாதம் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பழைய மாணவி ஒருத்தி கையில் ஒரு கவரோடு வந்து நின்றாள். அரசுத் துறை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் செக்யூரிட்டி கிளியரன்ஸ் என்று இங்கே எல்லாரும் சொல்கிற பாதுகாப்பு அனுமதி கிடைத்தால்தான் வேலை உறுதியாகும். அதற்கு இசட் 204 என்ற படிவத்தை நிரப்பித் தரவேண்டும். உள்ளே குடும்பம், பழைய முகவரிகள், பார்த்த வேலைகள், வழக்குகள், வங்கிக் கணக்கு, கடன் எல்லாம் கேட்டிருப்பார்கள். கடன் பக்கத்தை விரித்துக் காட்டினாள். பென்சிலால் எழுதி அழித்து, மறுபடி எழுதி அழித்து, அந்த இடத்தில் தாள் மெலிந்து அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. "மாமா, இதை எழுதணுமா, விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

என்ன கடன் என்று பார்த்தால் துணிக்கடைக் கணக்கு இரண்டு, அப்புறம் ஒரு தனிநபர்க் கடன். 2021இல் கொரோனாவில் அப்பா போனபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பதினாறாம் நாள் காரியத்துக்கும் அவள் பெயரில் வாங்கியது, நாலு தவணை தவறியிருக்கிறது, இப்போது ஒழுங்காகக் கட்டி வருகிறாள். அவ்வளவுதான். அவள் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணா, நீங்களே சொல்லுங்க, வீட்டுக் கடனை எல்லாம் எவனுக்கோ எழுதிக் கொடுத்தா நம்ம மானம் என்ன ஆகும்? கேட்டா அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார். அந்தத் தாயின் பயம் எனக்குப் புரிந்தது. ஏனென்றால் பன்னிரண்டு பதிமூன்று வருடம் முன்னால் இதே வார்த்தையை என் அம்மா எனக்குச் சொன்னார், நானும் கேட்டேன், அதற்கு நான் கொடுத்த விலை ஐந்து வருடம்.

நான் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எந்தத் துறை, அனுமதிக்கான பின்னணிச் சோதனை செய்தது யார் என்பதெல்லாம் வேண்டாம், அது இங்கே முக்கியமில்லை. 2012இல் பதவி உயர்வு வந்தது, ரகசியக் கோப்புகள் இருக்கும் பிரிவு, அதற்கு 'சீக்ரெட்' நிலை அனுமதி தேவை. என் மேல் அப்போது இரண்டு விஷயம் இருந்தன. ஒன்று, அண்ணன் வைத்திருந்த மரச்சாமான் கடைக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். கடை மூழ்கியது, கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் என் பெயரிலும் தீர்ப்பு வாங்கிவிட்டார். இரண்டாவது, 1998இல் எனக்கு இருபத்திரண்டு வயது, ஒரு கல்யாண வீட்டு வாசலில் கைகலப்பு, வெள்ளிக்கிழமை ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் வைத்துவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு முந்நூறு ரேண்ட் அபராதம் கட்டினால் இப்பவே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள், அம்மா வளையலை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்து கட்டினார், வந்துவிட்டேன். அது வேகமாக வண்டி ஓட்டியதற்குக் கட்டும் அபராதம் மாதிரி என்று நினைத்திருந்தேன். அப்படி ஒப்புக்கொண்டு கட்டினாலே அது தண்டனையாகக் கணக்காகி, கைரேகையோடு குற்றப் பதிவாக நின்றுவிடும் என்பது எனக்கு மட்டுமில்லை, எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. இன்றைக்கும் திங்கட்கிழமை வரைக்கும் உள்ளே இருக்கப் பயந்து நம் பிள்ளைகள் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள், வேலைக்கு மனுப்போடும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். பெற்றோர் தயவுசெய்து இதைக் கவனியுங்கள், ஒரு வக்கீலை எழுப்பிக் கேட்காமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். உங்கள் மேல் கோர்ட்டுத் தீர்ப்பு ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். குற்றப் பதிவு உண்டா என்பதற்கும் இல்லை. முதலாவது தெரிந்தே எழுதிய பொய். இரண்டாவது பாதி தெரியாமல், பாதி தெரிந்துகொள்ள விரும்பாமல் எழுதியது. எல்லாம் உண்மை என்று சத்தியம் செய்து முத்திரையும் வாங்கிக்கொண்டேன்.

ஆறேழு மாதம் கழித்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன அறை, மேசை, அதில் ஒரு தண்ணீர் ஜக்கு. அதிகாரி நடுத்தர வயது ஜுலு இனத்து அம்மையார், ரொம்ப மரியாதையாகப் பேசினார், குடும்பம் எல்லாம் விசாரித்தார். அப்புறம் கோப்பிலிருந்து இரண்டு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஒன்று கோர்ட்டுத் தீர்ப்பின் நகல், இன்னொன்று என் கைரேகைப் பதிவு. அந்த இரண்டுக்கும் நடுவில் நான் நிரப்பிய பக்கத்தை வைத்தார், 'இல்லை' என்று நான் எழுதிய கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் அவர் சொன்னதன் பொருள் இது: அண்ணன் கடைக்குக் கையெழுத்துப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், இருபத்திரண்டு வயதில் சண்டை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அதையெல்லாம் எழுதியிருந்தால் நாம் பேசியிருப்போம், ஆனால் இந்த 'இல்லை'யை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. பதவி உயர்வு போயிற்று.

அந்த அம்மையார் கேட்டது என் மனசில் வேலை செய்துகொண்டே இருந்தது. அந்தக் கோபத்தில்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1994ஆம் வருடத்து தேசிய உளவு உத்திச் சட்டத்தின் 2ஏ பிரிவுதான் இங்கே இந்தச் சோதனைக்கு அடிப்படை. குற்றப் பதிவு, பண விவரம், சொந்த விவரம் எல்லாம் திரட்ட அது இடம் கொடுக்கிறது, பொய் கண்டுபிடிக்கும் கருவியில் உட்கார வைக்கவும் இடம் உண்டு. ஆனால் எதற்காக இத்தனையும் என்று பார்த்தால், இந்த ஆளை யாராவது மிரட்டிப் பணியவைக்க முடியுமா, செல்வாக்கால் வளைக்க முடியுமா, இவர் வழியாக ரகசியம் வெளியே போகுமா என்பதுதான் கேள்வி. நல்லவனா கெட்டவனா, ஏழையா பணக்காரனா என்பது அங்கே கேள்வியே இல்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பகுதி மஷோனிசாக்கள் ஞாபகம் வந்தார்கள். தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன், கந்துவட்டிக்காரரை இங்கே மஷோனிசா என்பார்கள். சம்பள நாளில் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். அட்டையைப் பிடித்துவைப்பதைக் கடன் சட்டம் தடை செய்கிறது, ஆனாலும் நடக்கிறது. துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளின் பட்டியல் பார்க்கும் பையன் ஒருவன் இப்படி மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று வையுங்கள். வீட்டுக்கும் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது. ஒருநாள் அந்த ஆள் "வட்டி வேண்டாம் தம்பி, எந்தப் பெட்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் சொல்" என்றால்? கடன் எவ்வளவு என்பதைவிட அது யாருக்கும் தெரியாது என்பதுதான் அவன் கழுத்துக் கயிறு. அதையே முன்கூட்டி ஆபீசில் எழுதிக் கொடுத்திருந்தால் மிரட்டுகிறவன் கையில் என்ன இருக்கும்?

இதை அமெரிக்காவில் இன்னும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். என் அக்கா மகன் அங்கே வேலை செய்கிறான், நான் புலம்பியதைக் கேட்டு அந்த ஊர் விதிகளை அனுப்பினான். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். இப்போது அங்கே நடப்பில் இருப்பது 2017 ஜூன் 8 முதல் அமலான விதிகள். மொத்தம் பதின்மூன்று தலைப்பு, அதில் 'இ' என்பது சொந்த நடத்தை, 'எஃப்' என்பது பண விவகாரம். ஒவ்வொரு தலைப்பின் கீழும் எதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பும் என்று ஒரு பகுதி, எதெல்லாம் அந்தச் சந்தேகத்தைக் குறைக்கும் என்று இன்னொரு பகுதி. இந்த இரண்டாவது பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலை போனது, தொழில் சரிந்தது, திடீர் வைத்தியச் செலவு, வீட்டில் சாவு, மணமுறிவு இப்படித் தன் கைமீறிய காரணத்தால் கடன் வந்து, அந்த நிலைமையிலும் ஆள் பொறுப்பாக நடந்துகொண்டிருந்தால் அது அவருக்குச் சாதகம். கடன் ஆலோசகரிடம் போய் நிலைமை கட்டுக்குள் வந்திருந்தால் சாதகம். நல்ல மனசோடு கட்டத் தொடங்கி விடாமல் கட்டிவந்தால் சாதகம். தன்னுடையது இல்லாத கடன் என்று ஆதாரத்தோடு மறுத்தால் அதுவும் சாதகம். நடத்தைத் தலைப்பின் கீழ் உள்ள ஒரு வரி என் கண்ணிலேயே நிற்கிறது. விட்டுப்போனதை, மறைத்ததை, அதிகாரி கண்டுபிடித்து முகத்துக்கு நேரே கேட்கும் முன்பு தானே விரைந்து திருத்தினால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு ஆறேழு மாதம் அவகாசம் இருந்தது ஐயா. படிவம் கொடுத்த நாளிலிருந்து நேர்காணல் வரை, எந்த நாளிலும் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

அந்த ஊர்ப் படிவத்தில் ஏழு வருடத்துக் கடன் வரலாற்றைக் கேட்கிறார்கள், 120 நாளுக்கு மேல் தவறியிருந்தால் சொல்லவேண்டும். ராணுவ ஒப்பந்தக்காரர்களின் ஊழியர்களுக்கு அனுமதி மறுப்பதாக இருந்தால் காரணங்களை வரிசையாக எழுதி அனுப்புகிறார்கள், அதற்குப் பதில் எழுத இருபது நாள், வேண்டுமென்றால் நீதிபதி முன்னால் விசாரணை. முடிவுகளைப் பெயரை நீக்கிவிட்டு எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். நாற்பது ஐம்பது முடிவுகளாவது படித்திருப்பேன். ஒரு அம்மா புருஷன் விட்டுப்போன கடனை மாதம் கொஞ்சமாகக் கட்டியிருப்பார், கிடைத்திருக்கும். இன்னொருவர் நல்ல சம்பளக்காரர், காரணக் கடிதம் வந்த பிறகு அவசர அவசரமாகக் கட்டியிருப்பார், கிடைத்திருக்காது. எல்லாக் கடனும் தீர்ந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை. நியாயமான ஒரு திட்டமும், அதன்படி நிஜமாகவே எடுத்துவைத்த அடியும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கடன் காலாவதி ஆகட்டும் என்று சும்மா இருப்பதை நல்லெண்ணமாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கேயும் "மூணு வருஷம் பொறு, தானா போயிடும்" என்று புத்தி சொல்கிற மாமாக்கள் உண்டு. சாதாரணக் கடனுக்கு மூன்று வருட வரம்பு இருப்பது நிஜம்தான், ஆனால் கோர்ட்டுத் தீர்ப்பு வந்துவிட்டால் அது முப்பது வருடம் நிற்கும். அப்படிக் காத்திருந்து தப்பித்தவரை நம்பி யார் கோப்பைக் கொடுப்பார்கள்? அமெரிக்காவிலும் இது ஒன்றும் தாராளம் இல்லை, அனுமதி பெற யாருக்கும் உரிமை கிடையாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 1988லேயே சொல்லிவிட்டது, சந்தேகம் மிஞ்சினால் நாட்டின் பக்கம்தான் முடிவு. ஆனால் எதைச் செய்தால் சந்தேகம் குறையும் என்று ஒரு சாதாரண ஆள் முன்கூட்டியே படித்துத் தெரிந்துகொள்ள முடிகிறதே, அது பெரிய விஷயம்.

இங்கே நான் செய்ததையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் எழுத்தில் காரணம் கேட்டேன். நிர்வாக நீதிச் சட்டம் என்று 2000இல் வந்தது, முடிவு தெரிந்த 90 நாளுக்குள் காரணம் கேட்கலாம், அவர்கள் 90 நாளுக்குள் தரவேண்டும். அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவே அந்த உரிமையைத் தருகிறது. கேட்டால் இன்னும் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை, பதில் வந்தது, ஒன்றரைப் பக்கம். அதில் முதல் காரணம் பொய்ச் சத்தியம், கடன் இரண்டாவதாகத்தான் இருந்தது.

அப்புறம் கிரெடிட் பீரோ, அதாவது நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனம், அதன் அறிக்கையை எடுத்தேன். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம், இது தெரியாமல் காசு கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்த்தால் நான் வாங்காத ஒரு கைப்பேசி ஒப்பந்தம் என் பெயரில் தவறிப்போய் நிற்கிறது. போலீசில் அஃபிடவிட் கொடுத்து, பீரோவுக்கு எழுதி, இருபது வேலை நாளில் அது நீங்கியது. படிவம் நிரப்பும் முன்பு இந்த அறிக்கையை எடுத்துப் பார்க்காத பிள்ளை, தன் மேல் என்ன இருக்கிறது என்று தெரியாமலே சத்தியம் செய்கிறது.

அண்ணன் கடைக் கடனுக்கு, கடன் கொடுத்தவரின் வக்கீலிடம் நேரில் போய் மாதம் அறுநூற்று ஐம்பது ரேண்ட் என்று எழுத்தில் பேசி முடித்தேன். மனைவி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து கொடுத்தாள், ஒவ்வொரு ரசீதும் அதற்குள் போகும், மேலே மாதத்தின் பெயரை அவளே தமிழில் எழுதுவாள். மூன்று வருடம். நடுவில் ஒரு தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை, பிள்ளைகள் கேட்டார்கள், ஏன் என்று உள்ளதைச் சொன்னோம். 2016இல் கடைசித் தவணை. அப்படித் தீர்ந்துவிட்டால் கடன் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் பீரோக்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்களும் ஏழு நாளுக்குள் அந்தத் தீர்ப்பைப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். என் விஷயத்தில் இரண்டு முறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. 1998 அபராதப் பதிவை அழிக்கவும் மனுப்போட்டேன். பத்து வருடம் கடந்து, தண்டனை இருபதாயிரம் ரேண்டுக்கு மேற்படாத அபராதமாக இருந்தால் நீதித் துறைக்கு எழுதிக் கேட்க வழி இருக்கிறது. கிடைத்தது. கிடைத்த பிறகும் இரண்டாவது நேர்காணலில் அதை நானே வாய்திறந்து சொன்னேன். ஏன் சொல்கிறீர்கள் என்று அந்த அதிகாரி கேட்டார், போன தடவை சொல்லாததால் சொல்கிறேன் என்றேன்.

2017இல் மறுபடி மனு. இந்த முறை படிவத்தோடு ஒவ்வொரு கடனுக்கும் ஒரு தாள் வைத்தேன்: எப்போது வந்தது, ஏன் வந்தது, என்ன செய்தேன், இப்போது எவ்வளவு பாக்கி. முன்பு பொய் எழுதியதற்கும் ஒரு தனித் தாள், அம்மா சொன்னார் என்று அதில் எழுதவில்லை, எழுதியது என் கை. 2018இல் அனுமதி கிடைத்தது.

அதே 2018இல்தான் நாட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் டிண்ட்வேயின் அனுமதியையே, அவர் யார் மேல் வந்த புகாரை விசாரித்துக்கொண்டிருந்தாரோ அந்த உளவுத் தலைவர் ஆர்தர் ஃபிரேசர் பறித்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போனது, ஃபிரேசரைச் சிறைத் துறைக்கு மாற்றினார்கள். அப்படிப்பட்ட பதவியில் இருந்தவருக்கே இது நடக்கும் என்றால் சாட்ஸ்வொர்த் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? ஆகவே நான் அதிகாரிகளிடமும் கேட்கிறேன். காரணத்தை நாங்கள் கேட்காமலே எழுதிக் கொடுங்கள். எதைச் செய்தால் சந்தேகம் தீரும் என்பதை எல்லா மொழியிலும் ஒரு நாலு பக்கத்தில் அச்சடித்துப் படிவத்தோடு கொடுங்கள். கடன் மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் பார்த்து ஆளை எடை போடாதீர்கள், எங்கள் பகுதியில் அந்த மதிப்பெண் ஏன் விழுந்தது என்பதற்குத் தேதியே இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கில் பூட்டிய கடைகள் எத்தனையோ திறக்கவே இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் கொள்ளை போன கடைகளில் வேலை பார்த்தவர்கள் எங்கள் பிள்ளைகள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கு மேற்பட்ட உயிர் போனது, டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, வீட்டுச் சுவரே போனவர்கள் கடன் வாங்காமல் என்ன செய்வார்கள்? வாங்கியவர்கள் அந்தத் தேதியைப் படிவத்தில் எழுதுங்கள், முதலாளி கொடுத்த வேலைநீக்கக் கடிதம், இன்சூரன்ஸ் கடிதம், இடிந்த சுவரின் படம், எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். கைமீறிய காரணம் என்று வாயால் சொன்னால் போதாது, தாள் வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட முடியாது. பெயர் கொடுப்பது என்று ஒரு பழக்கம் இருக்கிறதே, மச்சான் கார் என் பெயரில், தங்கச்சி வீட்டுச் சோபா என் கணக்கில், அத்தை மகனுக்கு ஜாமீன் நான். பாசம்தான், ஆனால் அவன் தவணை தவறினால் சோதனை அதிகாரிக்குத் தெரிவது உங்கள் பெயர். கோயில் கமிட்டிப் பொருளாளர்களுக்கும் ஒரு வார்த்தை. காவடித் திருவிழாவுக்கும் ஆடிக் கஞ்சிக்கும் வரும் காணிக்கையை உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் போட்டு எடுக்காதீர்கள். நீங்கள் ஒரு காசு தொட்டிருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் சம்பளத்துக்குப் பொருந்தாத பணம் வந்து போகிறது என்றுதான் அந்தக் கணக்கைப் பார்க்கிறவருக்குத் தோன்றும். 2023இல் வந்த உளவுச் சட்டத் திருத்த மசோதா முதலில் மத அமைப்புகளையும் இந்தச் சோதனைக்குள் கொண்டுவரப் பார்த்தது, எல்லாப் பக்கமும் எதிர்ப்பு வந்து அந்தப் பகுதி மட்டும் கைவிடப்பட்டது. கோயிலுக்குத் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, வருடத்துக்கு ஒரு வரவு செலவு, இவ்வளவு இருந்தால் நாளைக்கு யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

அந்தப் பெண்ணின் கதையை முடிக்கிறேன். அன்றைக்கு மண்டபத்திலேயே உட்கார்ந்து எழுதினோம். பென்சிலை வாங்கி வைத்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தேன். தாள் மெலிந்த இடத்தில் மை ஊறியதால் அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக எடுத்து எழுதவேண்டியிருந்தது. மூன்று கடனும் எழுதினாள், தவறிய நாலு தவணையும் எந்த மாதம் என்று எழுதினாள், அப்பா இறப்புச் சான்றிதழின் நகல், ஆஸ்பத்திரிப் பில், கட்டிவரும் ரசீதுகள் எல்லாம் பின்னால் சேர்த்தாள். அவள் அம்மா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பிறகு கைப்பையைத் திறந்து, மகளுக்கே தெரியாத இன்னொரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மகள் பெயரில் அவர் வாங்கியிருந்த பாத்திரக் கடைக் கணக்கு, பாக்கி ஆயிரத்து எண்ணூறு ரேண்ட். மகள் அம்மாவைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, நாலாவதாக அதையும் எழுதினாள்.

படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. உங்கள் நாளிதழ் இந்த விவரங்களை ஒரு வக்கீலைக் கொண்டு சரிபார்த்து, வேலைக்குப் போகிற வயதில் உள்ள பிள்ளைகள் படிக்கும்படி ஒரு பக்கம் ஒதுக்கினால் நன்றியோடு இருப்போம். எங்கள் வகுப்பில் மட்டும் இந்த வருடம் மூன்று பேர் அந்தப் படிவத்தோடு வந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்